கறுப்பினத்தவரின் சுருள்முடி: வளராமல் இல்லை, உடைந்துபோகிறது

அமெரிக்காவில் சில ஆண்டுகளாகத் தலைமுடியைப் பற்றி இரண்டு வகைச் செய்திகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று, முடியை நேராக்கும் ரசாயனக் கிரீம்களால் புற்றுநோய் வந்ததாகச் சொல்லிக் கறுப்பினப் பெண்கள் தொடுத்திருக்கும் வழக்குகள். இன்னொன்று, பின்னலோ சடாமுடியோ வைத்திருப்பதற்காக யாரையும் பள்ளியிலோ வேலையிலோ ஒதுக்கக் கூடாது என்று மாநிலங்கள் கொண்டுவரும் சட்டங்கள். படிக்கிறவர்களுக்கு எழும் கேள்வி இதுதான்: முடி விஷயத்துக்கு எதற்கு நீதிமன்றமும் சட்டமன்றமும்? இயற்கையாக வளர்கிறபடியே விட்டுவிட்டால் போதாதா?

போதும்தான். ஆனால் அப்படி விடுவதற்கு, அந்த முடி எப்படி வளர்கிறது, எந்த இடத்தில் உடைகிறது, எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்று தெரிந்திருக்க வேண்டும். அந்த அறிவைத்தான் பல தலைமுறைகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்தார்கள். “கறுப்பினத்தவருக்கு முடி நீளமாக வளராது” என்ற நம்பிக்கை, அந்தச் சமூகத்திலேயே பலர் நம்பும் அளவுக்குப் பரவியது. அது தவறு. ஏன் தவறு என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

ஒரு விளக்கம். இங்கே ‘கறுப்பினத்தவரின் முடி’ என்று சொல்வது, சகாராவுக்குத் தெற்கே வாழும் ஆப்பிரிக்கர்களிடமும், அமெரிக்கா, கரீபியத் தீவுகள் போன்ற இடங்களில் வாழும் அவர்களது வம்சாவளியினரிடமும் பரவலாகக் காணப்படும் இறுக்கமான சுருள்முடியை. அதற்குள்ளும் பல வகை உண்டு. எத்தியோப்பியாவிலும் சோமாலியாவிலும் தளர்ந்த சுருள் அதிகம்.

மயிர்க்காலின் வளைவு

தோலுக்கு அடியில் மயிர்க்காலில் இருக்கும் பகுதிக்கு மட்டும்தான் உயிர் உண்டு. வெளியே வந்த முடி, கெரட்டின் என்ற புரதத்தாலான உயிரற்ற இழை. நகம் மாதிரி. அதனால் வெளியே நிற்கும் முடிக்கு எந்த எண்ணெயும் ‘ஊட்டம்’ கொடுக்க முடியாது. தேய்மானத்திலிருந்து காப்பாற்றத்தான் முடியும். விளம்பரங்கள் குழப்பிவிடும் முதல் இடம் இது.

நேரான முடிக்கு மயிர்க்கால் நேராக இருக்கும். முடியைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஏறக்குறைய வட்டம். இறுக்கமான சுருள்முடிக்கு மயிர்க்காலே கொக்கி போல வளைந்திருக்கும். வெட்டுமுகம் தட்டையான நீள்வட்டம். வளைந்த குழாயிலிருந்து வருவதால் முடி சுருண்டுகொண்டே வெளிவருகிறது. தட்டையான நாடாவை முறுக்கிவிட்டது போல, அது ஒவ்வொரு சுருளிலும் திரும்புகிறது. திரும்பும் இடமெல்லாம் பலம் குறைந்த இடம்.

முடியின் வெளிப்புறம் ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி. செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். நேரான முடியில் அவை ஒழுங்காகப் படுத்துக்கிடக்கும். வளைவுகளில் சற்றுத் தூக்கிக்கொண்டு நிற்கும். அந்த வழியாக ஈரம் வெளியேறும். பக்கத்து முடியும் அதில் சிக்கும்.

தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய்ப்பசைக்கும் இதே சிக்கல்தான். நேரான முடியில் அது வழுக்கிக்கொண்டு நுனிவரை இறங்கிவிடும். அதனால்தான் நேரான முடிக்காரர்கள் இரண்டு நாள் தலைக்குக் குளிக்காவிட்டாலும் முடி பிசுபிசுக்கிறது. சுருள்முடியில் அந்தப் பசை வேரைத் தாண்டுவதே கடினம். வேரில் பிசுக்கு, நுனியில் வறட்சி என்று ஒரே தலையில் இரண்டு நிலைமை. இனி வரும் பராமரிப்பு முறைகள் எல்லாம் இந்த ஒன்றிலிருந்துதான் கிளைக்கின்றன.

இதை ஒரு குறைபாடாக நினைத்துவிடக் கூடாது. 2023-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டீனா லசிசி, நீனா ஜப்லோன்ஸ்கி உள்ளிட்டோர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வெப்பம் அளக்கும் மனித உருவப் பொம்மைக்கு நேரான முடி, ஓரளவு சுருண்ட முடி, இறுக்கமாகச் சுருண்ட முடி ஆகியவற்றாலான விக்குகளை மாட்டி, செயற்கை வெயிலில் வைத்துப் பார்த்தார்கள். வெயிலின் வெப்பம் தலைத்தோலில் ஏறாமல் தடுத்ததில் இறுக்கமான சுருள்முடிதான் முதலிடம். தலையைக் குளிர்விக்க உடல் சிந்த வேண்டிய வியர்வையும் அதில்தான் குறைவு. வெப்ப நாட்டில் தோன்றிய மனித இனத்துக்கு மூளையைச் சூடேறாமல் காத்த கூரையாக இந்த முடி இருந்திருக்கலாம் என்பது அவர்கள் முன்வைத்த கருத்து.

வளர்ச்சி வேறு, நீளம் வேறு

ஒவ்வொரு முடிக்கும் ஒரு சுழற்சி உண்டு. 2 முதல் 6 ஆண்டுகள் வளரும். இரண்டு மூன்று வாரம் ஒரு மாறுதல் கட்டம். சுமார் மூன்று மாதம் ஓய்வு. பிறகு உதிரும், அதே மயிர்க்காலிலிருந்து புது முடி கிளம்பும். நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு.

சரி, சுருள்முடி மெதுவாக வளர்கிறதா? ஆமாம், ஓரளவுக்கு. பிரான்சில் வாழ்ந்த இளம் ஆப்பிரிக்கர்களிடம் அளந்து 2001-ல் வெளியான ஆய்வில், முடி நாளுக்குச் சராசரியாக 0.26 மில்லிமீட்டர் வளர்ந்தது. ஒப்பிட்டுப் பார்த்த வெள்ளையர்களுக்கு ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர். சுருள்முடிக்குக் கணக்குப் போட்டால் ஆண்டுக்கு ஒன்பதரை சென்டிமீட்டர் அளவு வருகிறது. ஐந்து ஆண்டு வளர்ந்தால் 45 சென்டிமீட்டருக்கு மேல். தோளைத் தாண்டி முதுகில் விழ வேண்டும். பலருக்கு அப்படி விழாததற்கு இரண்டு காரணங்கள்.

முதலாவது வெறும் தோற்றம். இழுத்துப் பிடித்தால் 30 சென்டிமீட்டர் இருக்கும் முடி, காய்ந்து சுருண்டுகொண்டதும் 10 சென்டிமீட்டர்தான் இருப்பது போலத் தெரியும். நீளம் அங்கேதான் இருக்கிறது, சுருளுக்குள்.

இரண்டாவதுதான் உண்மையான இழப்பு: உடைவது. வேரில் ஆண்டுக்கு ஒன்பதரை சென்டிமீட்டர் வளர்ந்து, நுனியில் எட்டு சென்டிமீட்டர் உடைந்துபோனால், கையில் நிற்பது ஒன்றரை சென்டிமீட்டர். அந்தப் பெண் “என் முடி வளரவே மாட்டேன் என்கிறது” என்றுதான் சொல்வார். வளர்ச்சிக்கு மருந்து தேடுவார். மருந்தோ உடைவதை நிறுத்தாது.

எது உதிர்ந்த முடி, எது உடைந்த முடி என்பதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். சீப்பில் வந்த முடியை எடுத்துப் பாருங்கள். ஒரு முனையில் சிறிய வெள்ளைக் குமிழ் இருந்தால் அது ஆயுள் முடிந்து வேரோடு உதிர்ந்தது. குமிழ் இல்லாமல் துண்டு துண்டாக இருந்தால் உடைந்தது. முதல் வகை திடீரென்று அதிகமானால் உடல்நிலையைக் கவனிக்க வேண்டும். இரண்டாம் வகை அதிகமானால் கையாளும் முறையைக் கவனிக்க வேண்டும்.

நேராக்கும் பழக்கம் எப்படி வந்தது

மேற்கு ஆப்பிரிக்கச் சமூகங்களில் பின்னலைப் பார்த்தே ஒருவரின் குலம், வயது, திருமண நிலை முதலியவற்றைச் சொல்லிவிடலாம். மணிக்கணக்கில் ஒருவர் மடியில் ஒருவர் தலையை வைத்துச் செய்யும் வேலை அது. அதற்கேற்ற சீப்பும் எண்ணெயும் இருந்தன. அடிமைக் கப்பலில் ஏற்றப்பட்டபோது தலை மழிக்கப்பட்டது. சீப்பும் போயிற்று, எண்ணெயும் போயிற்று, ஓய்வு நேரமும் போயிற்று. 1786-ல், அன்று ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த லூசியானாவில், ஆளுநர் எஸ்தேபான் மிரோ ஓர் ஆணை போட்டார்: அடிமைத்தளையில் இல்லாத கறுப்பினப் பெண்களும் தலையைத் துணியால் மூடிக்கொள்ள வேண்டும். அவர்களின் சிகை அலங்காரம் வெள்ளைக்காரப் பெண்களுக்கு நிகராகக் கவனத்தை ஈர்த்தது ஆட்சியாளர்களுக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பெண்கள் பளிச்சென்ற நிறங்களில், அழகான முடிச்சுகளோடு துணி கட்டி, ஆணையையே ஓர் அலங்காரமாக மாற்றிவிட்டார்கள்.

அடிமை முறை ஒழிந்த பிறகும் வேலைக்கும் மரியாதைக்கும் நேரான முடி வேண்டும் என்ற எதிர்பார்ப்பு நின்றது. இந்த இடத்தில் மேடம் சி. ஜே. வாக்கரைச் சொல்ல வேண்டும். 1867-ல் லூசியானாவில் பிறந்தவர். இயற்பெயர் சாரா பிரீட்லவ். பெற்றோர் அடிமைகளாக இருந்தவர்கள். துணி துவைத்துப் பிழைத்த இவருக்குத் தலைத்தோல் நோயால் முடி கொட்டத் தொடங்கியது. அதிலிருந்து மீளத் தேடியதுதான் அவருடைய தொழிலாக மாறி, 1910-ல் இண்டியானாபொலிஸ் நகரில் நிறுவனமாக வேரூன்றியது. முடியை நேராக்கியவர் என்றே பலர் அவரை நினைவில் வைத்திருக்கிறார்கள். சூடேற்றிய சீப்பு அவரது முறையில் இருந்தது உண்மைதான். ஆனால் அவர் முக்கியமாக விற்றது தலைத்தோலுக்கான கந்தகக் களிம்பு. முக்கியமாகச் சொன்னது தலையை அடிக்கடி கழுவச் சொல்லி. தலைத்தோல் ஆரோக்கியமாக இருந்தால் முடி தானே வளரும் என்ற அவரது அணுகுமுறை இன்றும் பொருந்துகிறது.

அப்புறம் ரசாயனக் கிரீம்கள் வந்தன. 1960-களில் ‘கறுப்பே அழகு’ என்ற முழக்கத்தோடு இயற்கையான ஆஃப்ரோ முடி அரசியல் அடையாளமானது. அடுத்த பத்தாண்டுகளில் கிரீம்கள் மறுபடி மேலோங்கின. 2000-களில் மீண்டும் இயற்கை முடிக்குத் திரும்பும் அலை எழுந்தது. இன்று நாம் காணும் விவாதங்கள் அந்த அலையின் தொடர்ச்சி.

ரிலாக்சர் என்ன செய்கிறது

முடிக்கு வடிவம் கொடுப்பவை அதன் புரதத்தில் இருக்கும் கந்தகப் பிணைப்புகள். ‘ரிலாக்சர்’ என்று விற்கும் கிரீம் அவற்றைத்தான் உடைக்கிறது. பழைய வகையில் இருப்பது சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது சோப்புக் காய்ச்சப் பயன்படும் காஸ்டிக் சோடா, ஆங்கிலத்தில் ‘லை’. ‘லை இல்லாதது’ என்று விற்கும் வகையில் அதற்குப் பதில் குவானிடின் ஹைட்ராக்சைடு. பெயர் மென்மையாகத் தெரிந்தாலும் அதுவும் கடுமையான காரம்தான். தலைத்தோலில் பட்டால் புண்ணாகும்.

உடைந்த பிணைப்பு திரும்பி வராது. நேராக்கிய பகுதி வெட்டி எடுக்கும்வரை பலவீனமாகவே இருக்கும். வேரிலிருந்து புதிதாக வருவது மட்டும் பழையபடி சுருண்டு வரும். அந்தப் புது வளர்ச்சிக்கு மறுபடி கிரீம் பூசும்போது ஏற்கெனவே நேராக்கிய பகுதியிலும் பட்டுவிட்டால், அங்கே முடி ஒடிந்தே போகும். இயற்கை முடிக்குத் திரும்புகிறவர்களுக்கும் ஆபத்தான இடம் அந்தச் சந்திப்புதான்: மேலே சுருள், கீழே நேர். சிலர் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக நுனியை வெட்டிக்கொண்டே வருவார்கள். சிலர் ஒரே நாளில் நேரான பகுதி முழுவதையும் வெட்டிவிடுவார்கள். அதற்கு ‘பிக் சாப்’ என்று பெயர். முடிக்கு இரண்டாவதே நல்லது. மனத்துக்கு எது தாங்கும் என்பதை அவரவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இப்போது புற்றுநோய்ச் செய்தி. 2022 அக்டோபரில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் ஆய்வாளர்கள் 33,497 பெண்களைச் சுமார் 11 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த முடிவை வெளியிட்டார்கள். நேராக்கும் பொருட்களை ஒருபோதும் பயன்படுத்தாதவர்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.64 சதவீதம். ஓர் ஆண்டில் நான்கு முறைக்கு மேல் பயன்படுத்தியவர்களில் 4.05 சதவீதம். இதை எப்படிப் படிக்க வேண்டும்?

1. இரட்டிப்புக்கும் அதிகமான வித்தியாசம். அலட்சியப்படுத்த முடியாதது.
2. ஆனாலும் நூறில் நான்கு பேர் என்ற அளவு. பயன்படுத்திய எல்லோருக்கும் வரும் என்று பீதி அடையத் தேவையில்லை.
3. இது கவனித்துப் பார்த்த ஆய்வு. தொடர்பு இருப்பதைக் காட்டுகிறது. கிரீம்தான் காரணம் என்று நிரூபிக்கவில்லை.
4. அந்த ஆய்வில் நேராக்கும் பொருட்களைப் பயன்படுத்தியதாகச் சொன்னவர்களில் சுமார் 60 சதவீதம் பேர் கறுப்பினப் பெண்கள். ஆபத்து இனத்தால் வருவதல்ல; அதிகமாகப் பயன்படுத்துவதால் அவர்கள் மேல் அதிகமாக விழுகிறது.

இதைத் தொடர்ந்து குவிந்த வழக்குகளை 2023-ல் சிகாகோவிலுள்ள மத்திய அரசு நீதிமன்றத்தில் ஒன்றாகச் சேர்த்தார்கள். அதே ஆண்டில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் நேராக்கும் பொருட்களில் ஃபார்மால்டிஹைடைத் தடை செய்யும் உத்தேசத்தை அறிவித்தது. இங்கே பலர் குழம்புகிறார்கள். ஃபார்மால்டிஹைடு இருப்பது சூடான இஸ்திரிக் கருவி வைத்துச் செய்யும் ‘ஸ்மூத்தனிங்’ வகைகளில். காஸ்டிக் சோடா ரிலாக்சர் வேறு. நம் ஊர் பார்லர்களில் ‘கெரட்டின் ட்ரீட்மென்ட்’ என்று செய்வதும் அந்த முதல் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். செய்துகொள்கிறவர்கள் டப்பாவைத் திருப்பிப் படித்துவிட்டு உட்காருவது நல்லது.

உடையாமல் காக்கும் முறை

அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் சொல்வதும், இயற்கை முடி வைத்திருக்கும் பெண்கள் அனுபவத்தில் கண்டதும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன.

1. வாரத்துக்கு ஒரு முறை, அல்லது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை தலைக்குக் குளிக்க வேண்டும். தினமும் குளித்தால் இருக்கிற கொஞ்சம் பசையும் போய்விடும். மாதக்கணக்கில் குளிக்காவிட்டால் பிசுக்கும் பொடுகும் சேரும். ஷாம்பு தலைத்தோலுக்கு, நுரை வழிந்து இறங்குவதே முடிக்குப் போதும்.

2. ஒவ்வொரு முறையும் கண்டிஷனர் கட்டாயம். சிக்கெடுப்பதும் அப்போதுதான். “ஈரத்தலையில் சீப்பு வைக்காதே” என்று நம் வீடுகளில் சொல்வோம். நேரான முடிக்கு அது சரி. இறுக்கமான சுருள்முடிக்குத் தலைகீழ்: காய்ந்த நிலையில்தான் சுருள்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு சீப்பை மறிக்கும், நனைந்து வழவழப்பாக இருக்கும்போது வழி விடும். தலையை நான்கு முதல் ஆறு பாகமாகப் பிரித்து, முதலில் விரலால், பிறகு அகலப் பல் சீப்பால், நுனியில் தொடங்கி மெல்ல மேலே ஏற வேண்டும். வேரிலிருந்து கீழே இழுத்தால் எல்லாச் சிக்கும் ஓரிடத்தில் திரண்டு முடிச்சாகிவிடும். ஒரு மணி நேரம் ஆகலாம். உடைவதில் பெரும்பங்கு இந்த ஒரு மணி நேரத்தை அவசரப்படுத்துவதால் வருகிறது. எந்தப் பொருளை வாங்குகிறோம் என்பதை விட இது முக்கியம்.

3. ஈரம் முதலில், எண்ணெய் பிறகு. எண்ணெய் ஈரம் அல்ல. ஈரத்தை உள்ளே வைத்து மூடும் மூடி. காய்ந்த முடியில் எண்ணெய் தடவினால் வறட்சியைத்தான் பூட்டி வைக்கிறோம். தண்ணீர் சார்ந்த லீவ்-இன் கண்டிஷனர் (பூசிக் கழுவாமல் விடுவது), அதன்மேல் எண்ணெய், கடைசியில் கிரீம் என்ற வரிசை பலருக்கு ஒத்துவருகிறது.

4. துண்டால் பரபரவென்று துவட்டக் கூடாது. பழைய பனியன் துணியால் ஒற்றி எடுத்தால் போதும்.

5. தூங்கும்போது பருத்தித் தலையணை உறை ஈரத்தை உறிஞ்சும், இரவெல்லாம் உரசும். ஸாட்டின் அல்லது பட்டுத் தொப்பி, இல்லையென்றால் அதே துணியில் உறை. கறுப்பின வீடுகளில் பாட்டி முதல் பேத்தி வரை இரவில் தலையில் துணி கட்டுவதற்கு இதுதான் காரணம்.

6. சூடான கருவிகள் வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் வேண்டாம். அதுவும் வெப்பத்திலிருந்து காக்கும் கிரீம் பூசிய பிறகு. மிதமான சூட்டில் நேராக்கியது தண்ணீர் பட்டதும் சுருண்டுவிடும். சூடு மீறினால் புரதமே கெட்டு, சுருள் திரும்பி வராது.

7. நுனி பிளந்திருந்தால் வெட்டிவிடுங்கள். பிளவு மேலே ஏறும்.

இணையத்தில் 4ஏ, 4பி, 4சி என்று வகை சொல்வார்கள். தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரேயின் சிகை அலங்காரக் கலைஞர் ஆண்ட்ரே வாக்கர் 1990-களில் வகுத்த பட்டியலிலிருந்து வளர்ந்தது இது. 1 நேரான முடி, 4 இறுக்கமான சுருள். பேசிக்கொள்ள வசதி, அவ்வளவுதான். ஒரே தலையில் மூன்று வகை இருக்கும். எண்ணைப் பார்த்துப் பொருள் வாங்குவதை விட, தண்ணீர் தெளித்தால் உங்கள் முடி உடனே உறிஞ்சுகிறதா, முத்து முத்தாக மேலே நிற்கிறதா என்று பார்ப்பது உபயோகமானது. உறிஞ்சும் முடி சீக்கிரம் காயும். அதற்குக் கெட்டியான கிரீம். நிற்க வைக்கும் முடிக்கு லேசானது.

பின்னல் காக்கும், இறுகினால் கெடுக்கும்

தலையோடு ஒட்டிப் போடும் கார்ன்ரோ, தனித்தனிச் சிறு பின்னல்கள், இரு இழை முறுக்குகள் ஆகியவற்றை ‘பாதுகாப்புப் பின்னல்’ என்பார்கள். காரணம் எளிது. பின்னிவிட்டால் தினமும் சீப்புப் போட வேண்டாம், நுனி உள்ளே அடங்கிவிடும், உரசல் குறையும். ஆண்டுக்கணக்கில் நீளம் சேர்ப்பவர்கள் பெரும்பாலும் இந்த வழியில்தான் சேர்க்கிறார்கள்.

பின்னலோடு சவுரி சேர்ப்பதும் சகஜம். செயற்கை நாரும் உண்டு, மனித முடியும் உண்டு. இந்த இடத்தில் நமக்கு ஒரு நேரடித் தொடர்பு இருக்கிறது: திருமலையிலும் பழனியிலும் காணிக்கையாக இறக்கும் முடி ஏலத்துக்குப் போய், சுத்தம் செய்யப்பட்டு, வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகிறது. அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவிலும் கறுப்பினப் பெண்கள் வாங்கும் விக்குகளிலும் சவுரிகளிலும் ‘இந்திய முடி’ என்ற பெயருக்குத் தனி மதிப்பு.

ஆபத்து இழுப்பில் இருக்கிறது. இறுக்கிப் பின்னி, அதன்மேல் சவுரியின் பாரமும் ஏறினால், மயிர்க்கால் நாள்தோறும் இழுபட்டுப் பழுதாகும். மருத்துவத்தில் ‘டிராக்‌ஷன் அலோபீசியா’, இழுப்பினால் வரும் வழுக்கை. நெற்றி ஓரமும் காதுக்கு முன்புறமும் முதலில் போகும். ஓரத்தில் பூனைமுடி போல ஒரு மெல்லிய வரிசை மட்டும் மிஞ்சும். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் தோல் மருத்துவர் நொன்லான்லா குமாலோ குழுவினர் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், பரிசோதித்த பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு இது இருந்தது. ஆண்களிடம் மிகச் சிலருக்கே.

இதில் ஒரு நல்ல செய்தியும் ஒரு கெட்ட செய்தியும் உண்டு. தொடக்கத்தில் இழுப்பை நிறுத்தினால் முடி திரும்ப வரும். ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் மயிர்க்கால் தழும்பாகி மூடிக்கொள்ளும். பிறகு எந்த மருந்தாலும் வராது. எனவே,

1. பின்னும்போது வலித்தால் அப்போதே சொல்லுங்கள். “அழகு வேண்டுமென்றால் வலி பொறுக்கணும்” என்பது குழந்தைகளிடம் சொல்லக் கூடாத பேச்சு. வலியும், பின்னிய பிறகு வேரில் வரும் சிறு கொப்புளங்களும் மயிர்க்கால் போடும் கூச்சல்.
2. மெல்லிய பல பின்னல்களை விடத் தடித்த சில பின்னல்கள் பாதுகாப்பானவை.
3. ஆறு முதல் எட்டு வாரத்தில் அவிழ்த்துவிட்டு, தலைக்குச் சில வாரம் ஓய்வு கொடுங்கள்.
4. ரிலாக்சர் போட்ட கையோடு பின்னலோ சவுரியோ வேண்டவே வேண்டாம்.

எண்ணெய், பொடி, மாத்திரை

தேங்காய் எண்ணெயைப் பற்றி நாம் நம்புவதில் பாதிக்கு ஆதாரம் இருக்கிறது. அதிலுள்ள லாரிக் அமிலத்தின் மூலக்கூறு சிறியது. முடித்தண்டுக்குள் நுழைந்து, கழுவும்போது புரதம் கரைந்து போவதைக் குறைக்கிறது. சூரியகாந்தி எண்ணெயும் கனிம எண்ணெயும் அப்படிச் செய்யவில்லை என்று 2003-ல் வெளியான ஆய்வு காட்டியது. அதற்காகத் தேங்காய் எண்ணெய் முடியை வளர்க்கும் என்று பொருளல்ல. கரீபியத்தில் புகழ்பெற்ற ஜமைக்காக் கறுப்பு விளக்கெண்ணெய், ஆமணக்கு விதையை வறுத்து எடுப்பது. அதற்கும் இதே நிலைதான். கெட்டியானது, ஈரத்தை நன்றாகப் பூட்டும். மேற்கு ஆப்பிரிக்காவின் ஷியா வெண்ணெயும் அப்படியே.

எல்லாவற்றையும் விடத் தெளிவான பாடம் சாட் நாட்டின் பசாரா பெண்களிடம் இருக்கிறது. இடுப்புவரை முடி வளர்ப்பவர்கள். ‘சேபே’ என்ற பொடியை எண்ணெயில் குழைத்து, தலைத்தோலில் படாமல் முடியின் நீளத்தில் மட்டும் பூசி, பின்னிவிட்டு, நாள்கணக்கில் தொடாமல் வைக்கிறார்கள். கேள்விப்பட்டவர்கள் பொடியைத்தான் வாங்கினார்கள். ஆனால் வேரில் படாத பொடி வேரை எப்படி வளர்க்கும்? முடியை மூடி, பின்னி, கையை எடுத்துக்கொண்டதுதான் அங்கே வேலை செய்கிறது.

தலைத்தோலில் கெட்டியான எண்ணெய் அப்புவது பல கறுப்பினக் குடும்பங்களில் அன்போடு தொடரும் வழக்கம். பொடுகு இருப்பவர்கள் அதைக் குறைக்க வேண்டும். பொடுகோடு தொடர்புடைய மலசீசியா என்ற நுண்ணுயிரிக்கு அந்தக் கொழுப்பே உணவு.

பயோட்டின் மாத்திரை, உடலில் பயோட்டின் குறைந்தவர்களுக்கே உதவும். அப்படிக் குறைந்தவர்கள் அபூர்வம். மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் உள்ளிட்ட ரத்தப் பரிசோதனைகளின் முடிவை அது தவறாகக் காட்டலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017-ல் எச்சரித்தது. இரும்புச்சத்து, வைட்டமின் டி குறைபாடு முடி கொட்டுவதற்குக் காரணமா என்று பரிசோதித்துப் பார்ப்பது அதை விடப் பயனுள்ளது.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்

உச்சந்தலையில் ஓரிடத்தில் முடி மெலிந்து, அந்த வட்டம் வெளிப்புறமாக விரிந்துகொண்டே போனால் தள்ளிப்போடாதீர்கள். ‘சி.சி.சி.ஏ.’ என்று சுருக்கமாகச் சொல்லும் தழும்பு வழுக்கையாக இருக்கலாம். நடுவயதுக் கறுப்பினப் பெண்களிடம் அதிகம் காணப்படுவது. சிலருக்கு எரிச்சலும் அரிப்பும் தொட்டால் வலியும் இருக்கும். சிலருக்கு ஒன்றுமே இருக்காது. 1968-ல் மருத்துவர்கள் இதற்குச் சூட்டுச் சீப்பின் பெயரையே வைத்தார்கள். பெண்கள் தாங்களே வரவழைத்துக்கொண்டது என்ற பழி பல ஆண்டுகள் நின்றது. பிறகு சூட்டுச் சீப்பைத் தொடாதவர்களுக்கும் வருவது தெரிந்தது. 2019-ல், இந்நோயுள்ள சிலரிடம் முடித்தண்டு உருவாவதில் பங்குள்ள ‘பி.ஏ.டி.ஐ.3’ என்ற மரபணுவில் மாற்றங்கள் கண்டுபிடிக்கப்பட்டன. சீக்கிரம் கண்டுபிடித்தால் பரவுவதை மருந்தால் நிறுத்தலாம். போன இடம் போனதுதான்.

இதை முதலில் பார்க்கக்கூடியவர் பெரும்பாலும் சிகை அலங்காரம் செய்பவர். ஆனால் அமெரிக்காவின் அழகுக்கலைப் பள்ளிகள் நெடுங்காலம் நேரான முடியை வைத்தே பாடம் நடத்தின. எல்லா வகை முடிக்கும் பயிற்சி தர வேண்டும் என்று நியூயார்க் மாநிலம் சட்டம் போட்டது 2023-ல்தான்.

சட்டம் எங்கே நிற்கிறது

கலிஃபோர்னியா 2019 ஜூலை 3 அன்று ‘கிரவுன் சட்டம்’ என்பதை முதன்முதலாகக் கொண்டுவந்தது. இனத்தின் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்று ஏற்கெனவே இருந்த சட்டத்தில், இனத்தோடு சேர்ந்த முடியின் தன்மையும் பின்னல், சடாமுடி, முறுக்கு போன்ற பாணிகளும் அடங்கும் என்று சேர்த்தது. பிறகு இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் பின்தொடர்ந்தன. நாடு முழுவதற்குமான மசோதா 2022 மார்ச்சில் பிரதிநிதிகள் அவையில் நிறைவேறியது, செனட்டைத் தாண்டவில்லை.

டெக்சஸில் இச்சட்டம் 2023 செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய நாள், ஹூஸ்டனுக்குக் கிழக்கே ஒரு உயர்நிலைப் பள்ளியில் கறுப்பின மாணவர் ஒருவர் வகுப்பிலிருந்து வெளியேற்றப்பட்டார். அவர் சடாமுடியை உச்சியில் சேர்த்துக் கட்டியிருந்தார். அவிழ்த்துவிட்டால் சட்டைக் காலருக்கும் காதுமடலுக்கும் கீழே விழும், மாணவர்களின் முடி நீளத்துக்கான விதிக்கு அது முரண் என்றது பள்ளி நிர்வாகம். பல மாதங்கள் அவர் வகுப்புக்கு வெளியிலேயே இருந்தார். 2024 பிப்ரவரியில் நீதிபதி பள்ளியின் பக்கம் தீர்ப்பளித்தார். சட்டம் பின்னலையும் சடாமுடியையும் முறுக்கையும் பெயர் சொல்லிக் காக்கிறது; நீளத்தைப் பற்றி அதில் எதுவும் இல்லை என்பதே அந்த வழக்கு திரும்பிய புள்ளி.

ஆண்டுக்கு ஒன்பதரை சென்டிமீட்டர் வளரும் முடியில், காலரைத் தொடும் ஒரு சடை பல ஆண்டுகளில் சேர்ந்தது. உதிர்ந்த முடியும் அதற்குள்ளேயே பின்னிக் கிடக்கும். அவிழ்த்துச் சீவி மறுபடி போட்டுக்கொள்ள முடியாது. பள்ளியின் விதிக்கு உட்பட அவருக்கு இருந்த ஒரே வழி கத்தரிக்கோல். அவர் அதை ஏற்கவில்லை.